மொழி தெரியாத வணிகரிடம் சரக்கு வாங்குதல்

கூட்டுறவுப் பாடம்

நம் சங்கங்களின் அங்கத்தினர் பலர் தங்களுக்கு வேண்டிய தறி உறுப்புக்களையும், தெளிப்பான் பாகங்களையும், சொட்டுநீர்ப் பாசனச் சாமான்களையும் இணையத்தின் வாயிலாக அயல்நாட்டு விற்பனையாளரிடமிருந்து, சிறப்பாகச் சீன நாட்டு விற்பனையாளரிடமிருந்து, வரவழைக்க விரும்புகின்றனர். விலை சகாயமாயிருப்பதும், உள்ளூரில் அகப்படாத பாகங்கள் அங்கே அகப்படுவதும் இதற்குக் காரணங்கள். இவ்விருப்பம் தவறன்று. ஆயினும் இவ்வகை வாணிபத்தில் சரக்கைத் தொட்டுப் பார்க்க இயலாது. விற்பவர் முகம் தெரியாது. அவர் மொழி நமக்கும் நம் மொழி அவருக்கும் விளங்காது. பணமோ சரக்கு வருமுன்னரே நம் கையை விட்டுப் போய்விடுகிறது. இந்நிலையில் ஒரு சொல் பிறழ்ந்தால், வந்து சேரும் பெட்டி ஒன்றுக்கும் உதவாமற் போகலாம். அதனைத் திருப்பியனுப்பும் செலவு பல சமயங்களில் சரக்கின் விலையையே விழுங்கிவிடும். ஆதலின் மொழி அறியாத வணிகரோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் முறையை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. ஒரு பழைய கல்வெட்டு உணர்த்தும் உண்மை

தமிழரும் சீனரும் ஒருவர் மொழி ஒருவர் அறியாமல் கொடுக்கல் வாங்கல் நடத்தியது புதிய செய்தியன்று. இலங்கையின் காலி நகரில் 1911-ஆம் ஆண்டு ஒரு கல்வெட்டுக் கண்டெடுக்கப்பட்டது. சீனக் கடற்படைத் தலைவர் ஜெங் ஹே காலத்தது அது. 1409-ஆம் ஆண்டு பொறிக்கப்பெற்றது. இன்று அது கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் அதில் இடம் பெற்றுள்ளன. சீனப் பகுதி புத்தர் பெருமானைப் போற்றுகிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இசுலாமிய நெறிக்குரிய சொற்களால் அமைந்துள்ளது. போற்றுரை மொழிக்கு மொழி இவ்வாறு வேறுபடினும், காணிக்கையாக அளிக்கப்பட்ட பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் முதலிய பொருள்களின் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றேயாகும்.

இதிலிருந்து நாம் அறியத்தக்கது யாது? உபசாரமும் வருணனையும் மொழிக்கு மொழி மாறும். பொருளின் பெயரும் எண்ணிக்கையும் எடையும் மாறா. ஆதலின் மொழி தெரியாதவரோடு பேசுமிடத்து மாறுவனவற்றைக் குறைத்து, மாறாதனவற்றை நிறைத்து எழுதுதல் வேண்டும். எண், அளவு, படம், மாதிரி, எல்லா நாடுகளுக்கும் பொதுவான குறியீடு ஆகிய ஐந்துமே மாறாதவை. இனி வரும் பகுதிகள் யாவும் இவ்வொரு கருத்தின் விரிவே.

2. இயந்திர மொழிபெயர்ப்பின் ஆற்றலும் எல்லையும்

இப்பொழுது கைப்பேசியிலும் கணினியிலும் மொழிபெயர்ப்புக் கருவிகள் எளிதிற் கிடைக்கின்றன. படத்திலுள்ள சீன எழுத்துக்களைக் கூடக் கைப்பேசியின் படக்கருவியைக் காட்டிப் படித்துக்கொள்ளலாம். இவை பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கருவி நம் தொழிலை அறியாது. பொதுமக்கள் ஒரு சொல்லுக்குப் பெரும்பாலும் கொள்ளும் பொருளையே அது எடுத்துக்கொள்ளும்.

நெசவாளரின் சொற்களையே எண்ணிப் பாருங்கள். அச்சு என்றால் நமக்குத் தறியில் பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் ரீடு. பிறருக்கோ புத்தகம் அச்சிடுதல், அல்லது வண்டியின் அச்சு. விழுது என்றால் நமக்குப் பாவிழையை ஏற்றி இறக்கும் உறுப்பு. பிறருக்கு ஆலமரத்தின் விழுது. நாடா என்றால் நமக்கு ஊடை நூலைக் கொண்டோடும் கருவி. பிறருக்குத் துணியால் ஆன பட்டை. ஆங்கிலத்தில் எழுதினாலும் தொல்லை தீராது. ரீடு என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நாணற்புல் என்ற பொருளும் உண்டு; ஷட்டில் என்பது விண்வெளி ஓடத்தையும் குறிக்கும். ‘எங்களுக்கு 20 நாணல் வேண்டும்’ என்று எழுதிய கடிதத்தைப் பெற்ற வணிகர் என்ன மறுமொழி எழுதுவார்?

இதற்கு மாற்று என்ன? தொழிற்சொல்லைத் தனியே விடாமல் அதன் பயனையும் சேர்த்தெழுதுதல் வேண்டும்: ‘துணி நெய்யும் தறியில் இழைகளைப் பிரித்து நிறுத்தும் எஃகுச் சீப்பு.’ அதனோடு படம் ஒன்று சேர்த்தல் வேண்டும். இவ்விரண்டினும் உறுதியானது சுங்கத் தலைப்பு எண். உலகச் சுங்க அமைப்பின் பொது வகைப்பாடு 1988-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. அதை ஏற்ற நாடுகள் அனைத்திலும் ஒரு சரக்கின் முதல் 6 இலக்கங்கள் ஒன்றே. தறி அச்சு, விழுது, விழுதுச் சட்டம் ஆகியவற்றுக்குரிய எண் 8448.42. இவ்வெண் சீனத்திலும் இங்கும் ஒரே பொருளையே குறிக்கும். சொல் தடுமாறுமிடத்தில் எண் ஊன்றுகோலாகிறது.

மொழிபெயர்த்த கடிதத்தை அனுப்புமுன் இன்னொரு சோதனையும் செய்தல் நலம். சீனத்தில் பெயர்த்ததை வேறொரு கருவியைக் கொண்டு தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ திரும்பப் பெயர்த்துப் பார்க்க வேண்டும. பொருள் மாறியிருப்பின், மூல வாக்கியத்தைச் சுருக்கி எழுதி மீண்டும் சோதித்தல் வேண்டும். மும்முறை மாற்றியும் சரிவராத வாக்கியத்தைக் கைவிட்டு, அதனைப் படமாகவோ எண்ணாகவோ கூறிவிடலாம்.

3. கடிதம் எழுதும் முறை

நாம் பழக்கத்தால் எழுதும் கடிதம் இவ்வாறிருக்கும்:

‘ஐயா, முன்பு படத்தில் காட்டியிருந்ததைப் போல நல்ல தரமான அச்சுகள் எங்களுக்குக் கொஞ்சம் அவசரமாகத் தேவைப்படுகின்றன. 80-ஆம் நம்பரில் வேண்டும். விலையைப் பார்த்துப் போட்டுக் கொடுத்தால் மேற்கொண்டும் உங்களிடமே வாங்குவோம்.’

உள்ளூர் வணிகருக்கு இது நன்கு விளங்கும். அயல்நாட்டவருக்கோ இதில் ஒன்றும் விளங்காது. எந்தப் படம்? நல்ல தரம் என்பது எது? கொஞ்சம் அவசரம் என்பது எத்தனை நாள்? ‘பார்த்துப் போடுதல்’ என்பதை எந்தக் கருவியும் பெயர்க்க மாட்டாது. எல்லாவற்றினும் பெரிய இடர் ‘80-ஆம் நம்பர்’ என்பதில் உள்ளது. நம் நாட்டில் வழங்கும் ஸ்டாக்போர்ட் முறைப்படி அச்சின் எண் 2 அங்குலத்தில் உள்ள பற்களின் எண்ணிக்கையாகும். சீனத்திலோ இரண்டு முறைகள் உண்டு. ஆங்கில முறை நம்முடையதைப் போன்றதே. மெட்ரிக் முறையில் 10 சென்டிமீட்டரில் உள்ள பற்களின் எண்ணிக்கையே அச்சின் எண். நாம் கேட்கும் 80-ஆம் நம்பரில் 10 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 157 பற்கள் இருக்கும். விற்பவர் அதை மெட்ரிக் எண்ணாகக் கொண்டால் 80 பற்களே இருக்கும். எண்ணில் பிழையில்லை, ஏமாற்றும் இல்லை, ஆனால் வந்த அச்சு பாதி நெருக்கத்திலுள்ளது!

அக்கடிதத்தையே பின்வருமாறு எழுதலாம்:

1. நாங்கள் துணி நெய்யும் தறிக்குரிய எஃகு அச்சு வாங்க விரும்புகிறோம். படம் இணைத்துள்ளோம்.
2. சுங்கத் தலைப்பு எண் 8448.42.
3. 50.8 மில்லிமீட்டர் (2 அங்குலம்) நீளத்தில் 80 பற்கள்.
4. பற்கள் உள்ள பகுதியின் நீளம் 1270 மில்லிமீட்டர்.
5. ஓர் அச்சில் மொத்தப் பற்கள் 2000.
6. அச்சின் உயரம் 127 மில்லிமீட்டர்.
7. பற்கள் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை.
8. எங்களுக்கு வேண்டிய அச்சுகள் 20.
9. 20 அச்சுகளுக்கும், பெட்டி கட்டும் கூலி உட்பட, அமெரிக்க டாலரில் விலை என்ன?
10. பணம் பெற்ற நாளிலிருந்து எத்தனை நாளில் சரக்கு உங்கள் தொழிற்சாலையை விட்டுப் புறப்படும்?
11. 3 முதல் 8 வரையுள்ள வரிகளை உங்கள் மறுமொழியில் திரும்ப எழுதுங்கள்.

இக்கடிதத்தின் இயல்புகளைக் கவனிப்போம். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு செய்தியையே கூறுகிறது. ஒரு பொருளுக்கு முதலில் இட்ட பெயரே இறுதிவரை வருகிறது. வரிகளுக்கு எண் இட்டிருப்பதால், ‘5-ஆம் வரிக்கு மறுமொழி இல்லை’ என்று பின்னர் எளிதிற் கேட்கலாம். ஐந்தாம் வரி ஒரு காவல் எண் ஆகும். விற்பவர் மூன்றாம் வரியைத் தவறாக உணர்ந்து மெட்ரிக் முறையில் கணக்கிட்டால் அவருக்கு 1016 பற்களே வரும், 2000 வாரா. முரண்பாடு அவர் கண்ணிலேயே பட்டு, நம்மைக் கேட்பார். ஒரே செய்தியை இருவழியில் எண்ணாகக் கூறுவதே மொழிப்பிழைக்குச் சிறந்த காவல். பதினோராம் வரி இன்றியமையாதது. ‘சரி, புரிந்தது’ என்னும் மறுமொழியை நாம் ஏற்றல் கூடாது. புரிந்தவற்றை அவரே திரும்ப எழுதிக் காட்டிய பின்னரே பணம் அனுப்புதல் வேண்டும்.

4. எண்ணிலும் அளவிலும் கவனிக்கத்தக்கவை

எண் மாறாதது என்றோம். எனினும் எண்ணை எழுதும் வழக்கம் நாட்டுக்கு நாடு மாறும். நாம் 1,50,000 என்று எழுதுவதை அயல்நாட்டார் பிழையென்று கருதக் கூடும். 150000 என்று காற்புள்ளியின்றி எழுதுவதே நலம். ஜெர்மனி, இத்தாலி போன்ற நாடுகளில் காற்புள்ளி தசமப் புள்ளியாகும்; அங்கே 2,5 என்றால் இரண்டரை, 1.500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு. சீனர் பெருந்தொகைகளைப் பதினாயிரத்தை அலகாகக் கொண்டு எண்ணுவர். அவ்வலகுக்கு ‘வான்’ என்று பெயர். 3.5 வான் என்றால் 35000. நம் இலட்சத்தைப் போலவே இதுவும் மொழிபெயர்ப்பில் அடிக்கடி தடுமாறும் சொல்லாதலால், பெருந்தொகை வருமிடத்து இலக்கங்களை முழுமையாக எழுதித் தரும்படி கேட்க வேண்டும்.

எடையில் ‘ஜின்’ என்னும் சீன அலகு 500 கிராம் கொண்டது. ‘கோங் ஜின்’ என்பதே கிலோகிராம். ஒரு ஜின்னுக்குச் சொன்ன விலையைக் கிலோவுக்குரியதாக மயங்கினால் கணக்கு இருமடங்காகும். நாணயத்திலும் மயக்கம் உண்டு. சீன யுவானுக்கும் ஜப்பானிய யென்னுக்கும் குறி ஒன்றே. டாலர் என்னும் பெயரும் பல நாடுகளுக்குப் பொது. ஆதலின் நாட்டின் பெயரோடு சேர்த்தே நாணயத்தைக் குறிக்க வேண்டும். தேதி எழுதுவதில் நாம் நாளை முதலிலும், அமெரிக்கர் மாதத்தை முதலிலும், சீனர் ஆண்டை முதலிலும் வைப்பர். 03-04 என்பது மார்ச்சு 4-ஆ, ஏப்ரல் 3-ஆ என்ற ஐயம் எழாதிருக்க, மாதத்தைப் பெயராலேயே எழுதுக.

பயிரிடும் அங்கத்தினர் அறியவேண்டியது ஒன்று. சொட்டுநீர்ப் பாசனத்துக்குரிய வால்வும் இணைப்பும் வாங்கும்போது சீன வணிகர் ‘4 ஃபன்’, ‘6 ஃபன்’ என்று எழுதுவர். அங்குலத்தை எட்டாகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு ஃபன். ஆகவே 4 ஃபன் என்பது அரை அங்குலம். 6 ஃபன் முக்கால் அங்குலம். மொழிபெயர்ப்புக் கருவியோ இதனை ‘4 புள்ளி’, ‘4 மதிப்பெண்’ என்றெல்லாம் காட்டக் கூடும். மேலும், அரை அங்குலக் குழாயின் மரையை அளந்தால் வெளிவிட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் இருக்கும். அரை அங்குலம் என்பது குழாயின் பெயரேயன்றி மரையின் அளவன்று. ஆதலின் பெயரையும், அளந்த வெளிவிட்டத்தையும் இரண்டையும் எழுத வேண்டும். பிரிட்டிஷ் மரையின் கோணம் 55 பாகை, அமெரிக்க மரையின் கோணம் 60 பாகை என்பதால், எம்முறை மரை என்பதையும் கேட்டறிதல் வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோலிருந்து, முடுக்கிய பின் நீர் கசியும் இணைப்புக்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

5. நூலும் நிறமும்

பட்டு வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. சீன மொழியில் ‘ஜென் ஸு’ என்றால் உண்மைப் பட்டு. ‘ஃபாங் ஜென் ஸு’ என்றால் உண்மைப் பட்டைப் போலச் செய்தது, அதாவது போலிப் பட்டு. முன்னே நிற்கும் ஓரெழுத்தை விட்டுவிட்டுப் படித்தால் போலி உண்மையாகிவிடும்! இணையப் பக்கங்களில் பெயர் வெட்டுப்பட்டுத் தோன்றும் இடங்களில் இது நேரக் கூடியதே. ‘பனிப்பட்டு’ போன்ற கவர்ச்சிப் பெயர்கள் பெரும்பாலும் செயற்கை இழையையே குறிக்கின்றன. ஆதலின் பெயரைக் கேளாமல், ‘மல்பெரிப் பட்டு நூற்றுக்கு எத்தனை பங்கு, வேறு இழை நூற்றுக்கு எத்தனை பங்கு, டெனியர் எத்தனை’ என்று எண்ணாகக் கேட்க வேண்டும். மாதிரி வந்தவுடன் சில இழைகளைக் கொளுத்திப் பார்க்கலாம். பட்டு மயிர் கருகும் நாற்றத்தோடு எரிந்து, நசுக்கினால் பொடியாகும் சாம்பலைத் தரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். விஸ்கோஸ் காகிதம்போல் எரியும்.

நிறத்திலோ நம் சொற்கள் மிக அழகியவை; ஆனால் எல்லை கடவாதவை. அரக்கு, மாம்பழ நிறம், மயில் கழுத்து என்றால் காஞ்சிபுரத்தில் எவரும் அறிவர். சீனத்து மாம்பழமும் நம் மாம்பழமும் ஒரே நிறமாயிருக்க வேண்டுமென்பதில்லை. திரையில் தோன்றும் நிறமோ ஒவ்வொரு கருவியிலும் வேறுபடும். 1963-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் பான்டோன் நிற எண்களைக் குறிப்பிடுவது ஒரு வழி. அதனினும் சிறந்தது, சாயமேற்றிய நூலையோ துணியையோ இரு கூறாக்கி, ஒரு கூற்றை அஞ்சலில் அனுப்பி, மறு கூற்றைத் தேதியிட்டுச் சங்கத்தில் வைத்திருத்தல். அவர்கள் அனுப்பும் மாதிரியைப் பகல் வெளிச்சத்தில் அதனோடு ஒப்பிட்ட பிறகே முழுச் சரக்குக்கு ஒப்புதல் தருக.

6. வினாவும் விடையும்

எதிர்மறையில் வினவுதல் கூடாது. ‘இதில் பாலியெஸ்டர் இல்லையே?’ என்று கேட்டால், ‘ஆம்’ என்னும் விடைக்குத் தமிழிலும் சீனத்திலும் ‘ஆம், இல்லை’ என்று பொருள். ஆங்கில வழக்கிலோ ‘உண்டு’ என்று பொருள்படும். இடையே ஆங்கிலம் புகுந்தால் விடை தலைகீழாகும். ‘இதில் பாலியெஸ்டர் நூற்றுக்கு எத்தனை பங்கு?’ என்பதே சரியான வினா. பொதுவாக, ஆம் அல்லது இல்லை என்று விடை வரும் வினாவைத் தவிர்த்து, எண்ணோ தேதியோ விடையாக வரும் வினாவையே கேட்க வேண்டும்.

சீன மொழியின் வினைச்சொல் நம் மொழியிற் போலக் காலம் காட்டி உருமாறுவதில்லை. ஆகையால் ‘அனுப்பினோம்’, ‘அனுப்புவோம்’ என்னும் இரண்டும் பெயர்ப்பில் மயங்கக் கூடும். ‘எந்தத் தேதியில் அனுப்பினீர்கள்? சரக்கின் தடமறி எண் என்ன?’ என்று கேட்டால் மயக்கம் தீரும். ‘சா பு தோ’ என்றொரு சொல் அங்கே வழங்குகிறது; ‘ஏறக்குறைய அதுவே’ என்பது அதன் பொருள். அது பெயர்ப்பில் வந்த இடத்தில், ‘வேறுபாடு எத்தனை மில்லிமீட்டர்?’ என்று வினவுக. விற்பவர் நம்மை ‘அன்பரே’ என்று விளித்தால் அது அந்நாட்டு இணைய வணிகர் வழக்கமே. அதனை உறவாகவோ உறுதிமொழியாகவோ கொள்ள வேண்டா.

சீனம் முழுவதற்கும் ஒரே நேரம். அது நம் நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. நாம் மாலை 4 மணிக்கு எழுதினால் அங்கே 6.30 ஆகிவிடும். ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி 20-க்கும் இடையே வரும் அவர்கள் புத்தாண்டை ஒட்டித் தொழிற்சாலைகள் நெடுநாள் மூடியிருக்கும். அக்டோபர் முதல் வாரமும் விடுமுறையே. அக்காலத்தில் மறுமொழி வாராமை வஞ்சகத்தின் அறிகுறியன்று.

7. எவ்வழியில் எழுதுவது?

இந்தியாவில் பெரிதும் வழங்கும் வாட்சப் 2017-ஆம் ஆண்டு முதல் சீனத்தில் தடைப்பட்டுள்ளது. அங்கே பெரிதும் வழங்கும் வீசாட் 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசினரால் தடை செய்யப்பட்ட 59 செயலிகளுள் ஒன்று. ஆகவே இருவர் வழக்கமான பாதைகளும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. தடையைச் சுற்றிச் செல்ல முயலாமல், மின்னஞ்சலையும், விற்பனைத் தளத்தின் செய்திப் பகுதியையும் பயன்படுத்துவதே முறை. தளத்தின் வழியே பேசி, தளத்தின் வழியே பணம் செலுத்தினால் மட்டுமே பல தளங்கள் வழக்குக் காலத்தில் பாதுகாப்பு அளிக்கின்றன. ‘தளத்துக்கு வெளியே பணம் அனுப்பினால் விலை குறையும்’ என்ற சொல் வந்தால், அக்குறைவோடு பாதுகாப்பும் குறைகிறது என்பதை நினைவிற் கொள்க. தொலைபேசியில் பேசியவற்றையும் அன்றே எழுத்தில் அனுப்பி ஒப்புதல் பெறுதல் வேண்டும்.

8. பணம் அனுப்புமுன்

சீனக் கம்பெனியின் சட்டப்படியான பெயர் சீன எழுத்தில் உள்ளதே. ஆங்கிலப் பெயர் அவர்கள் விரும்பி வைத்துக்கொள்வது. ஆகவே சீனப் பெயரையும், 2015-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் வழங்கப்படும் 18 இலக்கப் பொதுப் பதிவு எண்ணையும் கேட்டு வாங்குக. அரசின் பதிவேட்டில் அதனைச் சரிபார்க்க இயலும். பாங்குக் கணக்கு அந்தக் கம்பெனியின் பெயரிலேயே இருத்தல் வேண்டும். தனி மனிதர் கணக்குக்கு அனுப்பலாகாது. கடிதப் போக்குவரத்தின் இடையே ‘எங்கள் பாங்குக் கணக்கு மாறிவிட்டது’ என்று மின்னஞ்சல் வந்தால், அங்கேயே நிறுத்துக. அயலார் அஞ்சலிற் புகுந்து இவ்வாறு எழுதுவது உலகெங்கும் நடைபெறும் மோசடி. முன்னரே தெரிந்த வேறு வழியில் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு காசும் அனுப்ப வேண்டா.

விலை எதுவரையிலான விலை என்பதற்கும் பொதுக் குறியீடுகள் உள்ளன. சர்வதேச வர்த்தகச் சபை 1936-இல் முதன்முதலாக வெளியிட்ட இவ்விதிகளின் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பில் 11 குறியீடுகள் உள்ளன. இ.எக்ஸ்.டபிள்யூ. என்றால் விற்பவரின் வாயிலில் சரக்கு. அதற்கப்பால் எல்லாச் செலவும் நம்முடையது. எஃப்.ஓ.பி. ஷாங்காய் என்றால் ஷாங்காய்த் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரை அவர் செலவு. சி.ஐ.எஃப். சென்னை என்றால் சென்னை வரையுள்ள கப்பற் கூலியும் இன்ஷூரன்சும் விலையில் அடக்கம். நம் நாட்டுச் சுங்கவரி அடங்காது. மூன்றெழுத்தையும் ஊரின் பெயரையும் சேர்த்தெழுதினால் ஒரு பக்கக் கடிதம் மிச்சமாகும். வாணிபத்துக்காக இறக்குமதி செய்யும் சங்கம் இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் பெற்றிருத்தல் வேண்டும். ‘பரிசு என்று எழுதி அனுப்பட்டுமா? விலையைக் குறைத்துக் காட்டட்டுமா?’ என்று விற்பவர் கேட்டால், வேண்டா என்று தெளிவாக எழுதுக. பொய்ச் சீட்டுக்குப் பொறுப்பாளி இங்குள்ள நாமேயாவோம்.

விதை, நாற்று, கன்று ஆகியவற்றை இவ்வழியில் வரவழைக்கவே கூடாது. 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணைப்படி, அனுமதியும் அயல்நாட்டு நலச் சான்றிதழும் இன்றி அவற்றை நாட்டுக்குள் கொணரலாகாது. 2020-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பலருக்கு அவர்கள் கேளாமலே சீனத்திலிருந்து விதைப் பொட்டலங்கள் வந்து சேர்ந்ததும், அவற்றை விதைக்க வேண்டாமென்று அவ்வரசு எச்சரித்ததும் நினைவிற் கொள்ளத்தக்கவை. பூச்சிமருந்துக்கும் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே பதிவு வேண்டும். ‘சான்றிதழ் தேவையில்லை’ என்று விற்பவர் எழுதுவது நம் நாட்டுச் சட்டத்துக்கு விடையாகாது.

9. சரக்கு வந்த பின்

பெட்டியைப் பிரிக்கும்போதே படம் எடுத்துக்கொள்ளுதல் வேண்டும். குறையிருப்பின் கோபச் சொற்களை எழுதுவதால் பயனில்லை. அவை பெயர்ப்பில் பொருளற்றுப் போகும், அல்லது பொருளுக்கு மிஞ்சிச் சுடும். ‘கேட்டது 2000 பற்கள். வந்தது 1016 பற்கள். படம் இணைத்துள்ளோம். உங்கள் மறுமொழியின் 5-ஆம் வரியைப் பார்க்க. புதிய அச்சு அனுப்புக, அல்லது பணத்தைத் திருப்புக. இம்மாதம் 20-ஆம் தேதிக்குள் மறுமொழி தருக’ என்று எழுதினால் போதும். முன்னர் அவரைத் திரும்ப எழுதச் செய்த வரிகளே இப்பொழுது நமக்குச் சாட்சியாக நிற்கும்.

10. சங்கத்தின் கடமை

இத்தனை எச்சரிக்கைகளையும் தனி நெசவாளர் ஒருவர் இரவில் வேலை முடிந்து கைப்பேசியை வைத்துக்கொண்டு கடைப்பிடித்தல் அரிது. இங்கேதான் கூட்டுறவின் பயன் விளங்குகிறது. ஒவ்வொரு சங்கமும் ஒரு சொற்கோவையைத் தயாரிக்கலாம். ஒரு பத்தியில் நம் தமிழ்த் தொழிற்சொல், அடுத்ததில் ஆங்கிலச் சொல், அடுத்ததில் விற்பவர் ஏற்றுக்கொண்ட சீனச் சொல், பின்னர்ப் படம், அளவு, சுங்கத் தலைப்பு எண். ஒரு முறை சரியான பொருளை வரவழைத்த சொல் ஒரு குடும்பத்தின் கைப்பேசியில் மறைந்து போகாமல், எல்லா அங்கத்தினருக்கும் உரிய சொத்தாகும். பலர் தேவையை ஒன்று சேர்த்தால் குறைந்தபட்ச அளவு நிறைவதோடு, முதலில் ஒன்றிரண்டை மாதிரியாக வாங்கிச் சோதிக்கவும் செலவு தாங்கும். எழுதுவோர் ஒருவர், எண்களைச் சரிபார்ப்போர் வேறொருவர் என இருவரை நியமித்தல் நன்று. எழுதியவர் கண்ணுக்குத் தம் பிழை தெரிவதில்லை.

மொழி ஒரு வேலிதான். வேலியின் இப்புறத்தும் அப்புறத்தும் நிற்போர் இருவருமே உழைப்பாளிகள். நல்ல சரக்கை நல்ல விலைக்கு மாற்றிக்கொள்ள விரும்புவோர். வேலியைத் தாண்டவல்ல எண்ணையும் படத்தையும் மாதிரியையும் முன்னிறுத்தி, புரிந்ததைத் திரும்பச் சொல்லச் செய்து, அதன் பின்னரே பணப்பையை அவிழ்ப்போமாக.

படிப்பு வட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. நம் தொழிலில் வழங்கும் சொற்களுள் பொது வழக்கில் வேறு பொருள் உடையவை எவை? பத்துச் சொற்களை எழுதி, ஒவ்வொன்றையும் அதன் பயனால் விளக்குக.
2. நம் தறியிலுள்ள அச்சின் மொத்தப் பற்களை எண்ணி, அதன் எண்ணை ஸ்டாக்போர்ட் முறையிலும் மெட்ரிக் முறையிலும் கணக்கிடுக.
3. தெளிப்பான் பாகம் ஒன்றை வரவழைக்கப் பன்னிரண்டு வரிகளில் ஒரு கடிதம் எழுதுக. அதில் காவல் எண்ணாக எதனை வைப்பீர்கள்?
4. நம் சங்கத்தில் சொற்கோவையைப் பாதுகாக்கும் பொறுப்பை யாரிடம் ஒப்படைக்கலாம்?